தலைவர் வீட்டு போன் நம்பர்

தம்புசாமி: ...அதனால, திங்கக்கிழமை கூட்டத்துக்கு ராஜேஸ்வரி வரல. சொல்லாம கொள்ளாம வரல. சங்கத் தலைவர்ங்கற முறையில நான் விளக்கம் கேக்கறேன்.

ராஜேஸ்வரி: அதான் இன்னிக்கி வந்து உக்காந்திருக்கேனே. கண்ணு தெரியலயாண்ணே?

தம்புசாமி: இன்னிக்கி வேற, திங்கக்கிழமை வேறம்மா. லீவு சொல்லல. டாக்டர் குடுக்கற எம்.சி.யும் காட்டல.

ராஜேஸ்வரி: எம்.சி.யா! வீட்டுல உக்காந்து கணக்கு எழுதறேன், டைப் அடிக்கறேன். நானே முதலாளி, நானே கிராணி. யாருகிட்ட எம்.சி. காட்டறது? கண்ணாடிகிட்டயா?

ஜெயராஜ்: அக்கா, சொல்லாதக்கா. அதையும் ரூலாக்கிப்புடுவாரு.

தம்புசாமி: ஜெயராஜ், பேசறதுன்னா தலைவர் வழியாத்தான் பேசணும்.

ஜெயராஜ்: வழி எங்கண்ணே இருக்கு? மேசைக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேரு. நடுவுல மூணு தோசைத் தட்டு.

தம்புசாமி: பசியாறினது போதும், தட்ட எடு. ராஜேஸ்வரிக்கு நான் ஷோ காஸ் குடுக்கறேன்.

ஜெயராஜ்: அலாமாக்!

ராஜேஸ்வரி: என்னது?

தம்புசாமி: ஷோ காஸ். ஏன் வரலன்னு நீ காரணம் காட்டணும். காட்டலன்னா நடவடிக்கை.

ராஜேஸ்வரி: அண்ணே... கம்பெனியில எத்தன வருசம் டைப் அடிச்சேன்? இந்தக் கையாலதான் எத்தன பேருக்கு ஷோ காஸ் அடிச்சிருப்பேன்! எனக்கே ரெண்டு அடிச்சிருக்கேன், நானே டைப் பண்ணி நானே வாங்கிக்கிட்டு. அந்த எழவே வேணாம்னுதானே மூணு பேரும் எந்திரிச்சி வந்தோம்? நாம கம்பெனிய விட்டு வந்தமா, இல்ல தலையில தூக்கிக்கிட்டு வந்தமா?

தம்புசாமி: ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்மா. தனியா வேல செய்யறவனுக்கு யாரு இருக்கா? கேக்க ஆளில்ல, தோள் குடுக்க ஆளில்ல. அதுக்குத்தானே 'கிள்ளான் பள்ளத்தாக்கு சுயதொழில் நிபுணர்கள் நல்லாதரவு சங்கம்'னு ஆரம்பிச்சோம்? பிரிக்பீல்ட்ஸ்ல இந்த மாடி ரூம்ப பிடிச்சோம்?

ஜெயராஜ்: பேரச் சொல்லி முடிக்கவே ஒரு தே தாரிக் குடிக்கணும் லா. மூணு பேரு சங்கத்துக்கு அஞ்சு செயற்குழு!

தம்புசாமி: ஆளுங்க சேரச் சேர...

ஜெயராஜ்: ஆலோசனைப் பெட்டி வேற. பேரு போடாம எழுதிப் போடுங்கன்னீங்க. 'டை வேணாம், வேர்க்குது'ன்னு எழுதிப் போட்டேன். மறுநாளே, 'ஜெயராஜ், டை விசயமா என்னைய வந்து பாரு'ங்கறீங்க.

தம்புசாமி: பிளான் வரையறவன் எழுத்து கட்டம் கட்டமா இருக்கும். கண்டுபிடிக்கறது பெரிய வித்தையா?

ஜெயராஜ்: ராஜேஸ்வரி அக்காவும் டை கட்டணுமான்னு வேற அரை நாளு விவாதம் பண்ணோம்.

ராஜேஸ்வரி: அது இன்னும் செயற்குழுவுல நிலுவையில இருக்குடா.

ஜெயராஜ்: உண்மையச் சொல்லவா? கம்பெனியே தேவலாம்னு தோணுது. அங்கயாச்சும் சாயங்காலமானா மேனேஜர வாய் நெறைய திட்டிக்கிட்டே பஸ் ஏறுவோம். வீட்டுக்குப் போயி பாதி ராத்திரி வரைக்கும் திட்டுவோம். என்ன சுகம்! இங்க திட்டறதுக்கும் ஆளில்ல.

ராஜேஸ்வரி: அதான் இவரு இருக்காரே.

தம்புசாமி: கிண்டல் பண்ணது போதும். அடுத்தது, எண்பத்தி ஏழாம் வருசத்துச் செயல் திட்டம்...

ராஜேஸ்வரி: அத ஓரமா வைங்க. கிள்ளான் கடை முதலாளி, அந்தத் தவுக்கே விசயத்துக்கு வாங்க. இன்னிக்கி மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும்.

தம்புசாமி: அது நிகழ்ச்சி நிரல்ல ஏழாவதா இருக்கு.

ராஜேஸ்வரி: ஏழாவதுக்கு வர்றதுக்குள்ள மனுசன் வேற ஆளப் பாத்துருவாரு! ஹார்ட்வேர் கடைக்குப் புதுக் கிளை தெறக்கறாரு. பிளான் வரைய ஜெயராஜ், கணக்குக்கு நான், லைசன்ஸ் இன்சூரன்ஸ் ஓட்டமெல்லாம் நீங்க. மூணு பேருக்கும் வருசம் முழுக்க வேல. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. கடை சாத்தின பொறவு கூப்பிட்டுப் பேச ஒரு வீட்டு போன் நம்பர்.

தம்புசாமி: குடுங்களேன்.

ஜெயராஜ்: யாரு நம்பர? நான் இருக்கறது வாடகை ரூம்பு. வீட்டுக்காரம்மா போன் டயலுக்குப் பூட்டுப் போட்டுருக்கு. மணி அடிச்சாக்கூட அதுதான் எடுக்கும், எடுத்து 'அவன் செத்துட்டான்'னு சொல்லும்.

ராஜேஸ்வரி: செலாயாங்ல எங்க வரிசைக்கு இன்னும் லைனே வரல. போன் இருக்கற ஒரே ஆளு நீங்கதான்.

தம்புசாமி: கீழ வாழையிலச் சாப்பாட்டுக் கடை நம்பரக் குடு.

ஜெயராஜ்: அவங்க ஏழு மணிக்கே சாத்திருவாங்கண்ணே. அதுக்கு முன்னால கூப்பிட்டாலும், 'எத்தன பார்சல்?'னுதான் கேப்பாங்க.

தம்புசாமி: சங்கத்துக்குன்னு தனி போன் வாங்கறதா தீர்மானம் போட்டிருக்கோமே.

ராஜேஸ்வரி: தீர்மானத்துல மணி அடிக்குமாண்ணே? செந்தூல்ல உங்க வீட்டு நம்பரக் குடுத்தா என்ன? கொறஞ்சா போயிருவீங்க?

தம்புசாமி: வீடு வேற, ஆபீஸ் வேற. கலக்கக் கூடாது.

ஜெயராஜ்: எது ஆபீஸ்? இந்த ரூம்பா? போன வாரம் அந்த மூலையில வெங்காய மூட்டை இருந்துச்சு.

தம்புசாமி: ஜெயராஜ்!

ஜெயராஜ்: கோவப்படாதீங்கண்ணே. வெளையாட்டுக்குச் சொல்லல. எனக்கு ரெண்டு மாசமா ஒரு சமையக்கட்டு பிளான் தவிர வேற வேலயே வரல. மேனேஜர் ஆள் விட்டிருக்காரு, திரும்பி வரியான்னு. இந்தக் கிள்ளான் வேலையும் கை நழுவிப் போச்சுன்னா நான் போயிருவேன். இப்பவே சொல்லிட்டேன்.

தம்புசாமி: போயிருவியா?

ஜெயராஜ்: வேற என்ன பண்ண? டை கட்டிக்கிட்டு இங்க வந்து தோசை திங்கவா?

ராஜேஸ்வரி: அவன் போனா நானும் நிக்க மாட்டேண்ணே. ரெண்டு பேரு சேந்தா அது சங்கமா? புருசன் பொஞ்சாதி மாதிரி சண்டதான் போடணும்.

தம்புசாமி: போயிராதீங்க. ஏய்... தம்பி, போயிராத. சங்கம் இல்லன்னா காலையில நான் எங்கடா போவேன்?

ஜெயராஜ்: எங்க போவீங்களா? வீட்டுலயே இருந்து வேல பாருங்களேன்.

தம்புசாமி: வீட்டுல... எடம் பத்தாது.

ராஜேஸ்வரி: மூணு ரூம்பு வீட்டுலயா?

தம்புசாமி: மூணு ரூம்புன்னு உனக்கு யாரு சொன்னா?

ராஜேஸ்வரி: சும்மா... ஒரு குத்துமதிப்பா சொன்னேன். சரி, உங்க நம்பர் வேணாம். போன் இருக்கற வேற ஒருத்தங்களச் சேத்துக்கலாமா? ஒரு அம்மா சங்கத்துல சேரணும்னு கேக்கறாங்க.

தம்புசாமி: என்ன தொழில்?

ராஜேஸ்வரி: ப்ளௌஸ் தைக்கறாங்க. வீட்டுலயே.

தம்புசாமி: தையலா? ராஜேஸ்வரி, இது நிபுணர்கள் சங்கம்.

ஜெயராஜ்: ஆரம்பிச்சிட்டாரு. டியூசன் டீச்சர் கேட்டாங்க, போர்டு மாட்டலன்னு வேணாம்னீங்க. முறுக்கு சுடற அய்யாவு அண்ணனுக்கு விசிட்டிங் கார்டு இல்லன்னீங்க. லோரிக்காரரு...

தம்புசாமி: அந்தாளு ரொம்ப சத்தமாப் பேசறாரு.

ஜெயராஜ்: லோரியில உக்காந்துக்கிட்டு ரகசியமா பேச முடியுமாண்ணே?

ராஜேஸ்வரி: அந்தம்மா இருபது வருசத்துக்கு மேல தைக்கறாங்க. டெங்கில்லேர்ந்தெல்லாம் காடி ஓட்டிக்கிட்டு வந்து துணி குடுத்துட்டுப் போறாங்களாம்.

தம்புசாமி: இருக்கட்டுமே. எங்க வீட்டுலயுந்தான் பவுனம்மாள் தைக்கறா. பொழுது விடிஞ்சா கடகடகடன்னு மெசின் சத்தம். அதுக்காக அவளும் நிபுணரா? பொம்பளைக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

ஜெயராஜ்: ம்...

ராஜேஸ்வரி: பொழுதுபோக்கு! தீபாவளி சமயத்துல உங்க வீட்டு வாசல்ல நிக்கற கூட்டமெல்லாம் பொழுதுபோகாமத்தான் வந்து நிக்குதா?

தம்புசாமி: உனக்கு எப்படி...

ராஜேஸ்வரி: செந்தூலே சொல்லுதுண்ணே! ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டம்மாவுக்கு மேனேஜர் யாரு?

தம்புசாமி: அவளுக்கு ஏது மேனேஜர்?

ராஜேஸ்வரி: லீவு யாரு குடுக்கறா? காய்ச்சல் வந்தா யாருகிட்ட எம்.சி. காட்டறாங்க?

தம்புசாமி: காய்ச்சல் வந்தாலும்... தைப்பா.

ராஜேஸ்வரி: ஆங்.

தம்புசாமி: போன மாசம் கூட... நெத்தியில துணியக் கட்டிக்கிட்டு தைச்சா. நான் அந்தப் பக்கமா போயி டைய எடுத்துக்கிட்டு... வந்துட்டேன்.

ஜெயராஜ்: அண்ணே, மணி பதினொண்ணாகப் போவுது. நம்பரக் குடுத்துருங்கண்ணே. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

தம்புசாமி: முடியாதுடா.

ஜெயராஜ்: ஏன் முடியாது? அதச் சொல்லுங்க. இப்ப நாங்க உங்களுக்கு ஷோ காஸ் குடுக்கறோம்.

தம்புசாமி: நம்பரக் குடுத்தா தவுக்கே போன் பண்ணுவாரு. 'சங்கத் தலைவர் தம்புசாமி இருக்காரா'ன்னு கேப்பாரு.

ஜெயராஜ்: கேக்கட்டுமே.

தம்புசாமி: பவுனம் எடுப்பா.

ராஜேஸ்வரி: எடுக்கட்டுமே.

தம்புசாமி: எந்த சங்கம்னு கேப்பா. அவரு கம்பெனியிலதானே வேல செய்யறாரு, நிர்வாக அதிகாரியாச்சேன்னு... சொல்லுவா.

ஜெயராஜ்: நீங்கதான் கம்பெனிய விட்டு ஏழெட்டு மாசமாச்சே... அண்ணே! அண்ணிகிட்ட நீங்க சொல்லவே இல்லயா? எங்களுக்கு முன்னாடி மேனேஜர் மேசையில சாவியத் தூக்கிப் போட்டுட்டு வந்தது நீங்கதானே! சிங்கம் மாதிரி எறங்கி வந்தீங்களே!

தம்புசாமி: சிங்கம் செந்தூல் பஸ் ஏறற வரைக்குந்தான்டா. வீட்டுக்குப் போனேன். துணி குடுக்க வந்த ஒரு பொம்பள அவகிட்ட, 'உங்களுக்கென்னக்கா, ஆபீசர் வீட்டம்மா'ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பப் பாத்த பொறவு எனக்கு வாய் வரல. மறுநாள் காலையில வழக்கம் போல டை கட்டி விட்டா. கட்டிக்கிட்டு... கெளம்பிட்டேன்.

ராஜேஸ்வரி: அன்னிலேர்ந்து தெனமுமா?

தம்புசாமி: தெனமுந்தான். சாயங்காலம் போனா, 'ஆபீஸ்ல இன்னிக்கி என்ன நடந்துச்சு'ன்னு கேப்பாம்மா. ஏதாச்சும் நடந்தாத்தானே சொல்ல முடியும்? அதுக்குத்தான் கூட்டம், செயற்குழு, எல்லாம். உனக்கு ஷோ காஸ் குடுத்ததக் கூட... இன்னிக்கி சொல்லலாம்னு இருந்தேன்.

ஜெயராஜ்: அப்ப என் டை விசயம்?

தம்புசாமி: அத வச்சி மூணு நாளு ஓட்டினேன்.

ஜெயராஜ்: அட, போங்கண்ணே!

தம்புசாமி: சிரிக்காதடா. பயமா இருக்குடா. இத்தன வருசம் கட்டிக்கிட்டு வாழ்ந்தவகிட்ட பொய் சொல்லிட்டு, அவ கட்டிக் குடுத்த சோத்த இங்க உக்காந்து திங்கறேன்.

ஜெயராஜ்: அக்கா... பாவம்க்கா. போதும்க்கா, சொல்லிரு.

தம்புசாமி: என்ன சொல்லணும்?

ராஜேஸ்வரி: ஒண்ணுமில்லண்ணே.

தம்புசாமி: இல்ல, ரெண்டு பேரும் மூஞ்சி மூஞ்சியப் பாத்துக்கறீங்க. நான் என் காரணத்தச் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. திங்கக்கிழமை எங்க போன?

ராஜேஸ்வரி: செந்தூலுக்குப் போனேண்ணே, ப்ளௌஸ் தைக்கக் குடுக்க. உங்க வீட்டுக்கு. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள பவுனம்மாள் அக்காவே கேட்டாங்க, 'இவரு மேனேஜரத் திட்டி ஏழெட்டு மாசமாச்சே, எப்பம்மா வேலைய விட்டாரு?'ன்னு. ஆபீஸ்ல நடந்தது எல்லாத்தையும் சொல்றீங்களாம், திட்டறத மட்டும் மறந்துட்டீங்களாம். தவுக்கேக்கு அன்னிக்கே நம்பரக் குடுக்கச் சொன்னதும் அவங்கதான், குடுத்துட்டேன்; மத்தியானத்துக்குள்ளன்னது சும்மா. நீங்களா வாயத் தெறந்து சொல்லணும்னு சொன்னாங்க, அதான் இவனும் நானும் சேந்து காலையிலேர்ந்து உங்க உயிர எடுத்தோம். ராத்திரி எட்டு மணிக்கு தவுக்கே கூப்பிடுவாரு, போன நீங்கதான் எடுக்கணும், அவங்க தொட மாட்டாங்களாம். சங்கத்துல சேரணும்னு கேட்ட தையக்காரம்மா நிபுணர் இல்லன்னு சொன்னீங்களே, அதையும் நீங்களே வீட்டுக்குப் போயி சொல்லிக்குங்க. அப்புறம், உங்களுக்கு ஒரு ஷோ காஸ் குடுத்து விட்டிருக்காங்கண்ணே. பதில டை இல்லாம வந்து சொல்லணுமாம்.