முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி

என் தம்பிக்கு எதையும் காதால் கேட்டால்தான் மனதில் நிற்கும். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், மேடம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் புரியும். நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் அவசரப்படாமல் தட்டச்சு செய்யுங்கள். வசனத்தை எந்த வேகத்தில் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், பத்தொன்பது வருடமாக அதுதான் என் வேலை.

நாங்கள் ஏழு பேர். மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் அறுபது நாற்காலி போட்டு, தலையும் வாலும் புரியாத நாடகங்கள் நடத்துகிறோம். அபத்த நாடகம் என்று இயக்குநர் சொல்வார். தினமும் ஓர் அங்குலம் சுருங்கும் வீட்டை விடாமல் அளந்துகொண்டிருக்கும் குடும்பம், தன் நிழலுக்கு வாடகை கட்டுகிற மனிதன், இப்படி. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். நான் மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவள். பிரதியைத் தைத்து வைப்பதும், திருத்துவதும், நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பதும் என் பொறுப்பு. தம்பிக்கு மட்டும் நகல் கிடையாது. அவனுக்கு நானே வீட்டில் வாசித்துக் காட்டுவேன். சோற்றைப் பிசைந்தபடி நான் ஒரு வரி சொல்ல, அவன் ஒரு வரி சொல்வான். அது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினேழு. அப்பா அதற்கு முன்பே எங்கேயோ போய்விட்டார். நான் செருப்புத் தொழிற்சாலையில் பசை தடவும் வேலைக்குப் போனேன். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். சாயங்காலம் மாடிப்படியில் என் காலடிச் சத்தம் கேட்டதும் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொள்வான். அழமாட்டான், தட்டமாட்டான். "அக்கா, பசிக்குது" என்று மட்டும் சொல்வான். நான் பூட்டைத் திறப்பேன். என் வாழ்க்கையில் என்னை யாராவது எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால் அந்த ஒரு நிமிடம்தான். பசை வாடை பட்டால் அவனுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும் என்பதால் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் அவனைத் தொடுவேன். கண்ணும் கருத்துமாக வளர்த்தேன் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே சொல்வார்கள். இரண்டு இடத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை, அவனிடம் மட்டும் எப்போதாவது சொல்லியிருப்பேன்.

இப்போது ஓடிக்கொண்டிருந்த நாடகத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் பீரோவுக்குள் ஒருவர் குடியிருக்கிறார். அவரை மனிதர் என்று கணக்கில் சேர்ப்பதா, சாமான் என்று சேர்ப்பதா என்று வீட்டுக்காரரும் கணக்கெடுக்க வந்தவரும் வாதாடுகிறார்கள். உள்ளே இருப்பவர் தட்டும்போதெல்லாம் வாடகையைக் கூட்டுகிறார்கள். "கதவைத் திறங்க", "மூச்சு முட்டுது", "செத்துடுவேன்" என்று அவர் கத்துவார். எல்லாம் பிரதியில் உள்ளதுதான். தம்பிதான் அந்தப் பாத்திரம், நாற்பது நிமிடம் உள்ளேயே இருக்க வேண்டும். பீரோவின் முன்கதவு ஆணி அடித்து மூடியது. பின்பக்கம் அவன் ஏறி உட்கார ஒரு சின்னக் கதவு உண்டு. அது ஒருமுறை நடுக்காட்சியில் தானாகத் திறந்துகொண்டு மானம் போனதால் அதற்கு ஒரு பூட்டு போட்டோம். சாவி என் கழுத்தில் இருக்கும். நான் நிற்பதும் அங்கேதான், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி இடத்தில். திரும்பினால் முழங்கை இடிக்கும்.

ஒத்திகையின் முதல் நாளே பல்பு ஒரு கேள்வி கேட்டான். விளக்குப் போடுகிறவனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அக்கா, நெஜமாவே உள்ள ஏதாவது ஆச்சுன்னா நமக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கத்தலும் வசனமாத்தான இருக்கு?"

நியாயமான கேள்வி. எங்கள் நாடகங்களில் வராத வாக்கியம் ஒன்று வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். தம்பிதான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "அக்கா, பசிக்குது" என்றான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த வாக்கியம் கேட்டால் பல்பு எல்லா விளக்கையும் போட வேண்டும், நான் பூட்டைத் திறக்க வேண்டும். பதினான்கு ஆட்டங்களில் அதற்குத் தேவை வரவில்லை.

உடை தைக்கும் பெண்ணை அவன் போன வருடம் கட்டிக்கொண்டான். குட்டி என்று கூப்பிடுவான். அந்தப் பெண்ணைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நல்ல தையல், அளந்து பேசுவாள், என்னை அண்ணி என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். ஆனால் கொஞ்ச நாளாகவே பீரோவுக்குள் ஒரு மாற்றம் தெரிந்தது. நான் முதல் வார்த்தையைக் கொடுப்பதற்குள் அவன் வரியைச் சொல்லி முடித்திருப்பான். ஒரு மாதமாக நான் ஒரு பலகையிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு அவன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் பிரதியின் பழைய நகல் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் கோடு, அந்தப் பெண்ணின் கையெழுத்து.

அடுத்த வாரம் அவனே வந்து சொன்னான்.

"அக்கா, வேற ஊர்ல விளம்பரத்துக்குக் குரல் குடுக்குற வேலை கெடச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். திங்கக்கிழமை நாங்க கெளம்புறோம்."

"அங்க யாருடா உனக்கு எடுத்துக் குடுப்பா?"

"யாரும் வேண்டாம்க்கா. எழுதிக் குடுத்துருவாங்க, பாத்துப் படிச்சாப் போதும்."

"உனக்குத்தான் படிச்சா நிக்காதே."

"நிக்குதுக்கா. யாரும் பொறுமையா உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதானாம். குட்டி சொல்றா."

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் நான் கத்துகிற ரகம் இல்லை. எப்போது கிளம்புகிறீர்கள், எத்தனை பெட்டி என்று கேட்டேன். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவன் போன பிறகு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன். இரண்டு அறை வீடு அது, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் வந்தது. அது அவ்வளவு சின்ன வீடு என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை, மேடம். போவதற்கு முன் அந்த வாக்கியத்தை அவன் ஒரே ஒரு முறை என்னிடம் சொல்ல வேண்டும். நான் திறந்துவிட வேண்டும். சும்மா கேட்டால் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அது எனக்கு வேண்டியதில்லை.

சனிக்கிழமை இயக்குநரிடம் போனேன். கடைசி ஆட்டம், ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். வரியைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பிரமாதம்மா. இத்தன நாள் நாமளே ஒளிச்சு வெச்சிருந்த வரி. கடைசி நாள் அதையே சபையில போட்டு ஒடச்சிடலாம். சரி, நெஜமா ஏதாவதுன்னா?"

"அதுக்கு வேற வாக்கியம் தம்பிகிட்ட சொல்லிட்டேன் சார். எனக்கு மட்டும் கேட்டாப் போதும், நான் பின்னாலதான நிக்கிறேன்."

சொல்லவில்லை. அது பொய். புதுப் பக்கத்தை நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் பக்கம்: 'பீரோவுக்குள்ளிருந்து: அக்கா, பசிக்குது. (இங்கிருந்து கடைசி வரை எத்தனை முறை வேண்டுமானாலும்.)' தம்பிக்குக் கொடுத்தாயா என்று யாரும் கேட்கவில்லை, அவனுக்கு நான் வாய்மொழியாகச் சொல்வதுதானே வழக்கம். தையல்காரிக்குப் பிரதி கொடுப்பது எங்கள் குழுவில் எப்போதுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நான்கு மணிக்கு. பீரோவின் பின்பக்கம் காற்றுக்காகத் துளைகள் போட்டிருந்தோம். அதன் வழியாக வெளிச்சம் கசிகிறது என்று பல்பு அடிக்கடி குறைபட்டுக்கொள்வான். வேண்டுமானால் அவனைக் கேளுங்கள். மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் உள்ளே தடித்த கறுப்புத் துணியை ஒட்டி அந்தத் துளைகளை மூடினேன். பசை நான் வாங்கியதுதான். தொழிற்சாலையில் தடவிய அதே பசை, அதே மஞ்சள் டப்பா. காய ஒரு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே ஆணியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, இழுப்புக்கு உறிஞ்சும் பம்பை அதில் வைத்திருப்பான். அதை என் கைப்பையில் எடுத்து வைத்தேன். கீழே விழுந்து உடைந்துவிடக் கூடாதே என்றுதான். இப்போதும் அதில்தான் இருக்கிறது, உங்கள் ஆட்கள் எடுத்திருப்பார்கள்.

உள்ளே ஏறும்போது "என்னக்கா, வாடை அடிக்குது" என்றான். பூச்சி மருந்து என்று சொல்லிப் பூட்டினேன். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை.

முப்பத்துமூன்றாம் பக்கத்தில் முதல் முறை சொன்னான். குரல் கொஞ்சம் கரகரத்தது. பல்பு பழக்கத்தில் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். நான் பிரதியைத் தூக்கி அந்த வரியை விரலால் காட்டினேன். நெற்றியில் தட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்த அறையில் அவன் அழுவது இங்கே கேட்கிறது. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இரண்டாவது முறை சொன்னபோது சபை சிரித்தது. மூன்றாவது முறைக்கும் நான்காவது முறைக்கும் நடுவில் அவன் பின்கதவின் இடுக்கில் வாயை வைத்து என்னிடம் மட்டும் பேசினான்.

"அக்கா, நெஜமாத்தான். பம்ப் காணோம்க்கா."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் அவனுக்கு அடுத்த வரியைக் கொடுத்தேன். "வாடகையைக் கூட்டாதீங்க."

அவன் அதைச் சொன்னான், மேடம். அந்த மூச்சிலும் நான் கொடுத்ததை வாங்கிச் சொன்னான். ஆறு வயதிலிருந்து அப்படித்தானே. படித்தால் நிற்கிறதாம். எனக்கு அப்போது மனசு நிறைந்துவிட்டது. பிறகு நான்காவது முறை சொன்னான், மிகவும் மெதுவாக, அந்தப் பழைய அறையில் சொன்ன மாதிரியே. போதும் என்று எனக்கே தோன்றியது. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிப் பூட்டில் நுழைத்தேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். ஆம், சாவி பூட்டுக்குள் இருந்தது. அரைத் திருப்பு திருப்பினால் திறந்திருக்கும்.

அப்போது அவன் "குட்டி" என்று கூப்பிட்டான். அவள் தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் உடை அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கு எப்படிக் கேட்கும்? ஓரடி தூரத்தில் நான் நிற்கிறேன். இரண்டாம் தடவையும் அவளையே கூப்பிட்டான்.

நான் சாவியை வெளியே எடுத்தேன். மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நாடகம் முடிய இன்னும் மூன்று பக்கம் இருந்தது, ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கொஞ்ச நேரம் உள்ளே நகம் பலகையில் படுகிற சத்தம் வந்தது, அதற்கும் வாடகையைக் கூட்டினார்கள். பிறகு வரவில்லை. உள்ளிருந்து வசனம் இல்லாமல் வீட்டுக்காரரும் கணக்கெடுப்பவரும் சமாளித்துப் பேசி முடித்தார்கள். மணி அடித்தது, விளக்கு அணைந்தது, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பெண் ஓடி வந்து, "அண்ணி, இன்னுமா தெறக்கல?" என்று கேட்டாள். பூட்டை அவள்தான் திறந்தாள், என் கழுத்திலிருந்து சாவியைப் பிடுங்கி.

நான் செய்தேன் என்றே எழுதுங்கள். பசை, துணி, பம்ப், வரி எல்லாம் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அந்தப் பெண் வெளியே நின்று நான் அவனைச் சின்ன வயதிலிருந்தே அடைத்து வைத்துக் கொன்றேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அதை மட்டும் எழுதாதீர்கள். அன்றும் மத்தியானம் மூன்று மணிக்கு, மேடைக்குப் பின்னால் உட்கார வைத்து, என் கையால் பிசைந்து அவனுக்கு ஊட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினேன். அவனை ஒரு நாளும் நான் பசியோடு விட்டதில்லை.