ஒரு மூடி மஞ்சள்

— இங்க வா. இப்படி நில்லு. அந்தச் சுவரைப் பாரு.

— பார்த்தாச்சு. ஏணியை மடக்கு. வீட்டுக்காரங்க வர்ற நேரம்.

— ஏணி கிடக்கட்டும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு நீலம், அந்தப் பக்கம் ஒரு நீலம்... உனக்குத் தெரியல?

— வெளிச்சம்யா. ஜன்னல் பக்கத்துச் சுவரு அப்படித்தான் பல்லைக் காட்டும்.

— வெளிச்சமாம்! வயசு பூரா பெயிண்ட் அடிச்சவன்கிட்ட... இரு, இந்தக் கண்ணை மூடிக்கிறேன். இப்போ ரெண்டும் ஒண்ணு. இப்போ அடுத்த கண்ணை... ம்ஹும். அந்தப் பக்கம் பச்சையடிக்குது.

— சும்மா சும்மா கண்ணடிக்காதே. பார்க்கிறவங்க, பொண்டாட்டிகிட்ட இந்த வயசுலயான்னு சிரிப்பாங்க.

— விளையாடாதே. பழைய கண்ணு ஒண்ணுங்குது, ஆபரேஷன் பண்ண கண்ணு ரெண்டுங்குது. எது பொய் சொல்லுது?

— நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. வந்து பார்த்தா சரியாத் தெரியும்.

— இன்னைக்கு டீ வேண்டாம்.

— டாக்டர்தான் சொன்னாரே... கண்ணுக்குள்ள மஞ்சள் பிடிச்ச கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அதை எடுத்துட்டேன், இனிமே நிறமெல்லாம் வேற மாதிரி இருக்கும், பழகிடும்னு.

— எங்க பழகுச்சு? இந்த நிறத்தை வீட்டுக்காரம்மா வானம்ங்கிறாங்க. வீட்டுக்காரரு சாம்பல்ங்கிறாரு. சரி, ஒரு வீட்டுல ரெண்டு பேரு, அடிச்சுக்கட்டும். எனக்கு ஒரே மூஞ்சிக்குள்ள நடக்குதே!

— தரையில விரிச்ச துணியை அந்தப் பக்கம் பிடி. பேசிக்கிட்டே...

— நாளைக்கு நான் வரலை.

— எங்க?

— ஆஸ்பத்திரிக்கு. இருக்கிற ஒரு நல்ல கண்ணையும் கெடுத்துக்கச் சொல்றியா?

— எது, நல்ல கண்ணா? போன வாரம் அந்த நல்ல கண்ணை நம்பித்தான் ஏணிப்படி முடிஞ்சது தெரியாம காத்துல காலை வெச்சே. நான் சட்டையைப் பிடிக்கலைன்னா...

— விழுந்தா எலும்புதான் போகும். நிறம் தப்பினா தொழிலே போயிடும்.

— விட்டா அந்தக் கண்ணு முழுசா போயிடும்னு சொல்லியிருக்காங்கய்யா.

— போகட்டும்.

— அப்படிச் சொல்லாதே...

— சொல்லுவேன். இந்தப் பக்கம் ஆபரேஷனுக்கு முன்னாடி கலந்து அடிச்சது. அந்தப் பக்கம் நேத்து கலந்தது. அதே பெயிண்ட், அதே கை. கண்ணைத் தவிர வேற என்ன மாறியிருக்கு, சொல்லு! என்ன, சுவருக்குப் பூசுற பட்டியை வாய்க்கும் பூசிட்டியா?

— உன் புதுக் கண்ணு சரியாத்தான் சொல்லுது. அந்தப் பக்கம் பச்சைதான்.

— இப்போதானே வெளிச்சம்னே?

— பொய் சொன்னேன். நேத்து நீ கலந்தது நல்ல நீலம். நீ டீ குடிக்கப் போனதும்... நான்தான் அதுல நிறம் கூட்டுற மஞ்ச ஸ்டெய்னரை ஒரு மூடி விட்டேன்.

— எதுக்கு?

— கை பழகிடுச்சுய்யா. ரெண்டு வருஷமா நீ எதைக் கலந்தாலும் நீலம் தூக்கலா இருக்கும். உனக்கு அது தெரியல. சொன்னா மனசு விட்டுடுவே... நீ டீக்குப் போற நேரமாப் பார்த்து, கொஞ்சம் வெள்ளை, ஒரு மூடி மஞ்சள் விட்டு அடக்கி வைப்பேன். நேத்து வாளிக்குள்ள எட்டிக்கூடப் பார்க்கலை. கை தானாப் போயிடுச்சு. காய்ஞ்ச பிறகுதான் பல்லைக் காட்டுது. திட்டணும்னா திட்டிக்கோ. இன்னொரு கோட் அடிச்சுக்கலாம், வீட்டுக்காரங்ககிட்ட நானே சொல்றேன். நாளைக்கு மட்டும் வந்துடு.

— நீ மஞ்சள் விடுறது எனக்குத் தெரியும்.

— என்னது?

— ரெண்டு வருஷமாவே தெரியும். விரல் இடுக்குல மஞ்சளை வெச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ரோலரை நீட்டுவியே.

— அப்புறம் ஏன்யா இவ்வளவு நேரம் கண்ணைக் குத்தம் சொன்னே?

— நீ கை வெச்ச நிறம் என்னைக்கும் தப்பினதில்ல. அதான்... சுவரு ரெண்டாத் தெரிஞ்சதும் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்.

— அடப்பாவி மனுஷா! எல்லாம் தெரிஞ்சும் வேளை தவறாம டீக்கடைக்கு ஓடினியே, எதுக்கு?

— வீட்டுல நான் என்னைக்காவது டீ கேட்டிருக்கேனாடி?