எண்ணெய் இல்லாத மீன்

— மீனுக்குக் கீறல் போடுறியா, குத்துறியா? மெதுவாப் போடும்மா. அது எப்பவோ செத்துப் போச்சு.

— நீங்க வேற, சும்மா இருங்க மாமா. கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கு, எதுக்கு எழுந்து சமையக்கட்டு வரைக்கும் வந்தீங்க? இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— அவன் எங்க?

— உங்க புள்ளையா? பாத்ரூம்ல. குழாயைத் திறந்து விட்டுட்டு அழுறாரு. நமக்குக் கேக்காதாம்.

— அவன் ஸ்கேன்ல என்னதான் வந்துச்சு? காலையிலேர்ந்து ரெண்டு பேரும் மழுப்புறீங்க.

— லிவர்ல கொழுப்பு குறையவே இல்லையாம். மூணு மாசம் முன்னால பதினஞ்சு சதவீதம், இப்போ பதினெட்டு. இவரோட லிவர்ல ஒரு துண்டை வெட்டி உங்களுக்கு வைக்க முடியாதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு. கொழுப்பைக் குறைக்க இவர் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு மாசம் கேட்டிருக்காரு.

— அட, எனக்கு அந்த ஒரு மாசம் இருக்கான்னு கேட்டானா?

— கேட்டாரு. அதுக்குத்தான் அழுறாரு.

— விடும்மா. போதும் இந்த மீனு.

— எப்படி விடுறது? ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. எலுமிச்சம்பழம், மிளகு, பூண்டு, கொழுப்பு நீக்கின தயிர். ஒரு மணி நேரம் ஊறவச்சு ஆவியில வேகவச்சா, மனுஷன் மூச்சுக் காட்டாம தின்னுட்டுப் போவாரு. ஆபீஸ்ல பொறந்தநாள் கேக்கைக்கூடத் தொடல. உங்க பொண்ணு போன்ல என்ன சொன்னா தெரியுமா? "அப்பா உசுரைவிட அண்ணனுக்கு நாக்கு பெருசாப் போச்சா"ன்னு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். கேட்டுக்கிட்டே நின்னாரு.

— அவ கிடக்கா. அவன் மேல தப்பே இல்ல. அந்தக் கதவைச் சாத்து, ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— மத்தியானம் நீ குழந்தையைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போவியில்ல? அப்போ தயிர் டப்பாவுல பாதியைக் கொட்டிட்டு க்ரீமைக் கலந்து வச்சிருவேன். கெட்டிக் க்ரீம். தினமும். காபிக்குன்னு பொய் சொல்லி, கீழ்வீட்டு வாத்தியாரை வாங்கித் தரச் சொன்னேன்.

— மாமா!

— திட்டும்மா, நல்லாத் திட்டு. வேண்டாண்டான்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டானா? ஆஸ்பத்திரியில என் பக்கத்து பெட்டுக்காரர் நடந்து வீட்டுக்குப் போனாரு. லிவர் குடுத்த மகன் போகல. எனக்கு எழுபத்திரெண்டு. இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயும் அந்தப் பொடிசும் எங்க போவீங்க? பயந்துட்டேன். அவ்வளவுதான்.

— இதை அவர்கிட்ட இப்பவே சொல்லுங்க. அழுது சாகுறாரு.

— சொன்னா நாளைக்கே பட்டினி கிடந்து குறைச்சிருவான். நான் போனப்புறம் நீ சொல்லு. அப்பனைக் கொன்னுட்டோமேன்னு அவன் காலம் பூரா உருகக் கூடாது. கிழவன் என்னையும் சேத்து ஏமாத்திட்டான்னு சொல்லிடு.

— என்னால அப்படிச் சொல்ல முடியாது மாமா.

— ஏம்மா?

— மீன்ல அந்தத் தயிரைத் தினமும் தடவுறது இந்தக் கைதானே? முதல் வாரமே வழவழன்னு ஒட்டுச்சு, நக்கிப் பாத்தேன், உங்க வேலைதான்னு புரிஞ்சு போச்சு. அன்னையிலேர்ந்து உங்க கைக்கு எட்டுற மாதிரி டப்பாவை ஃப்ரிட்ஜுல முன்னாடி எடுத்து வச்சிட்டுத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவேன்.