எண்ணும்போது வரும் மொழி

ஜன்னலைச் சற்று மூடச் சொல்லுங்கள், அதிகாரி அவர்களே. கைகளைக் கக்கத்தில் செருகியிருப்பது குளிரால்தான். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பல் செய்வது என் தொழில். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் மெழுகிலும் பீங்கானிலும் பல்வரிசை அமைத்துக் கொடுப்பேன். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்து, பொய்ப்பல் என்று எவரும் ஐயுறாதவாறு அது நிற்க வேண்டும். என் பட்டறையில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஆகவே எனக்கென்று ஒரு நாடு கிடைத்தபோது அதை இறுகப் பற்றிக்கொண்டேன்.

அந்நாட்டுக்கு மண் கிடையாது. ஓர் இணையதளம், ஒரு கொடி, ஒரு குடியுரிமை அட்டை, ஞாயிறுதோறும் பிற்பகலில் குரல்வழியே கூடும் அவை. இவையே நாடு. குடிமக்கள் பல தேசங்களில் சிதறிக் கிடந்தார்கள். எங்களை இணைத்தது தமிழ் ஒன்றே. முகம் பாராமலேயே அண்ணன், தங்கை, மாமா என்று உறவாகிவிட்டோம். நான் மொழி அமைச்சர். என் உரைகளைக் கேட்டவர்கள் எனக்குப் 'புலவர்' என்று பெயரிட்டார்கள். "என் அன்னை என்னைத் தாலாட்டியதும் இம்மொழியிலேதான்" என்று ஒருமுறை உரையாற்றினேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

என் அன்னைக்குத் தமிழ் தெரியாது. நானும் வாலிபம் கடந்த பின்னரே கற்றேன். பழைய புத்தகக் கடையில் பள்ளிப் பாடநூல்களை வாங்கி, ஒன்றாம் வகுப்பு முதல் வரிசையாகப் படித்துத் தேறினேன். இதை அந்நாட்டில் எவரிடமும் நான் கூறியதில்லை.

அவையில் நான் இயற்றிய விதி ஒன்று உண்டு. எவரேனும் பிறமொழியில் பேசிவிட்டால், அவருடைய ஒலிவாங்கியைச் சற்று நேரம் அடைத்துவிடுவேன். அது மீண்டும் திறந்ததும் அவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும். தண்டனை என்று இதனைக் கூற இயலாது. அனைவரும் விரும்பிய விளையாட்டு. ரொட்டிக்கடையில் வேலை செய்யும் மாமா ஒருவர், பாடும் ஆசையில் வேண்டுமென்றே மாட்டிக்கொள்வார்.

சென்ற ஆண்டு தையல்காரப் பெண் ஒருத்தி குடியுரிமை பெற்றாள். கணவனின் அடிக்குத் தப்பி, இதே நகரத்தில் ஒரு மாடியறையில் ஒளிந்து வாழ்ந்தவள். உடன் தைத்த பெண்களிடம் தமிழ் கற்றவள். அட்டைகளை அஞ்சலில் அனுப்புவது என் பொறுப்பு. ஆதலால் அவளுடைய முகவரியை அறிந்தவன் நான் ஒருவனே. அட்டை கிடைத்த அன்று தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, இதுல என் பேருக்குப் பக்கத்துல அவர் பேர் இல்ல. அதுவே போதும் எனக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க, நீங்க எங்க ஆளுதானே? போன வாரம் அவையில ஓட்டு எண்ணும்போது உங்க மைக் திறந்திருந்துச்சு. நம்ம பாஷையிலதான் எண்ணினீங்க. எனக்கும் அப்படித்தான், பட்டன் எண்ண உட்கார்ந்தா தமிழ் வரவே வராது."

அவள் தவறாகக் கேட்டிருக்கிறாள் என்றேன். சிரித்தாள்.

"சரி சரி, யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நம்ம பாஷை தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காருன்னு ஒரு தைரியம். அவ்ளோதான்ணா."

அன்று முதல் அவையில் அவள் வாய் திறக்கும்போதெல்லாம் என் விரல் ஒலிவாங்கியை அடைக்கும் பொத்தான்மேல் சென்று நின்றது. பட்டறையில் பற்கள் கைநழுவி உடைந்தன. அவள் நல்லவள், அச்சமே அதனால்தான். தீயவர் தருணம் பார்த்துக் காட்டிக்கொடுப்பார்கள். நல்லவர்களோ மகிழ்ச்சி மிகுதியால் எந்த நேரத்திலும் உளறிவிடுவார்கள்.

அந்த ஞாயிறன்று, முதலாளி வீட்டுத் திருமணத்துக்குச் செய்த ரொட்டி அத்தனையும் கருகிப்போன கதையை மாமா சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் அவள் குரல் வந்தது. பிறமொழி. அவை ஒரு கணம் திகைத்தது, பின்னர் சிரித்தது.

"தங்கச்சி வசமா மாட்டிக்கிச்சு" என்றார் மாமா. "என் கதையைக் கெடுத்ததுக்கு ரெண்டு பாட்டு. புலவரே, விடாதீங்க, அடைங்க."

அடைத்தேன்.

நேரம் முடிந்ததும் ஒலிவாங்கி தானே திறந்தது. பாட்டு வரவில்லை. கனமான ஏதோ ஒன்று சாய்ந்து விழும் ஓசை. தையல் இயந்திரமாக இருக்கலாம். பின்னர் மிக அருகில் ஓர் ஆணின் மூச்சு. அவன் அதே மொழியில் ஒரு கேள்வி கேட்டான்; விடைக்காகக் காத்திருந்தான்.

"யாருப்பா அது?" மாமாவின் குரலில் விளையாட்டு இல்லை. "புலவரே, என்ன சொல்றான்? எனக்கென்னவோ சரியாப் படல."

"தெரியாது, மாமா. பிறமொழி" என்றேன். அவனுக்கும் ஒலிவாங்கியை அடைத்தேன். விதி அனைவருக்கும் பொது.

"அந்தப் பொண்ணு அட்ரஸ் யார்கிட்டயாவது இருக்கா? போலீசுக்குச் சொல்லுங்கப்பா, சீக்கிரம்."

எவரிடமும் இல்லை, அட்டை அனுப்பியதும் முகவரியை அழித்துவிட்டேன் என்றேன். உண்மையில் அது என் ஏட்டில் இருந்தது. நான் சொல்வதை நம்பாமலிருக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

நான் ஆராயாமல் நடந்தவன் அல்லன். முகவரி தந்திருந்தால் நீங்கள் சென்றிருப்பீர்கள். அவள் பிழைத்திருப்பாள். பிழைத்தவள் நன்றி கூறுவதற்காக அவைக்கு வந்திருப்பாள். புலவர் அண்ணனுக்கு என் பேச்சுப் புரிந்தது என்று அனைவர் முன்னிலையிலும் சொல்லியிருப்பாள். அதன்பின் எனக்கு நாடு ஏது? மறுநாள் நீங்கள் அவளுடைய உடலைக் கண்டெடுத்த செய்தியைக் கேட்டபோது நான் அழுதேன். சற்று நேரத்தில் பசித்தது என்பதையும் கூறிவிடுகிறேன்.

அன்றைய ஒலிப்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை என்று வருந்தினீர்கள். அவர் தேவையில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கூறியது: 'அண்ணா, அவர் வந்துவிட்டார், கதவை உடைக்கிறார். உங்களுக்கு மட்டும்தான் நான் சொல்வது புரியும். ஆள் அனுப்புங்கள்.'

அவன் கேட்டது: 'உங்களில் இவளுடைய அண்ணன் யார்?'

ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. இத்தனைக்கும் நான் கையொப்பமிடத் தயார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் மட்டும் வேறு எவருடைய பெயரையேனும் போட்டுவிடுங்கள். நாட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.