பச்சையா, பழுப்பா

ரெஜினோல்ட்: மெதுவா புள்ள... பொலித்தீனத்தான் அவுக்கச் சொன்னேன், பட்டைய உரிக்கச் சொல்லல.

நிரோஷா: இருபத்தோரு நாளா மூடிக் கெடக்குது. அசையல, மூச்சக் காணோம். உயிரு இருக்கா இல்லையான்னு எப்படிங்க சொல்றது?

ரெஜினோல்ட்: ஒட்டுன மொட்டுக்குப் பக்கத்துல கத்தி முனையால லேசா கீறு. பச்சையா இருந்தா உயிரு. பழுப்பா இருந்தா செத்தது.

நிரோஷா: உங்களயும் ஞாயித்துக்கிழம மத்தியானம் இப்படித்தான் கீறிப் பாக்கணும்.

ரெஜினோல்ட்: பூசைக்குப் போயி வந்த அசதி அது... நீ கீறு.

நிரோஷா: புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்குப் பத்து றப்பர் கன்னுல ஒட்டு வைங்கன்னாரு தோட்டத்து ஐயா. உங்கள விட ஒண்ணு கொறஞ்சாலும் நான் திரும்பப் புல்லு வெட்டத்தான் போகணும்.

ரெஜினோல்ட்: பேசிக்கிட்டே இருந்தா பச்சையாகிடுமா?

நிரோஷா: ...பச்ச. இதுவும்... இதுவும் பச்சதாங்க.

ரெஜினோல்ட்: அவசரப்படாத. எல்லாத்தையும் பாரு.

நிரோஷா: ...கடைசி ஒண்ணுதான் போச்சு. மத்த ஒம்பதும் உயிரோட இருக்கு.

ரெஜினோல்ட்: சரி, இப்ப என்னோட வரிசை.

நிரோஷா: பச்ச... பச்ச... இது பழுப்பு.

ரெஜினோல்ட்: நல்லாப் பாரு, வெள்ளையா ஏதோ வளருதே. வளந்தா உயிருதானே?

நிரோஷா: வளர்றது பூஞ்சணம். அதுக்கு உயிரு இருக்கு. உங்க மொட்டுக்கு இல்ல.

ரெஜினோல்ட்: இந்தப் பக்கம் வெயிலு கூட...

நிரோஷா: எனக்கும் அதே வெயிலுதான். இந்தா, இன்னொண்ணு... இன்னொண்ணு. மூணு செத்துருச்சு. உங்களுக்கு ஏழுதான்.

ரெஜினோல்ட்: பதினோரு வருஷமா ஒட்டு வைக்கிறவன், பொண்டாட்டிகிட்டத் தோத்துட்டேன். போ, ஐயாகிட்டச் சொல்லு. நாளைலருந்து உனக்கும் ஒட்டு வேலதான்.

நிரோஷா: தோத்தவரு எதுக்குங்க சிரிப்ப அடக்குறீங்க?

ரெஜினோல்ட்: சொன்னா கோவிக்கக் கூடாது.

நிரோஷா: சொல்லுங்க.

ரெஜினோல்ட்: புல்லு வெட்டிட்டு வந்து நீ முதுகப் புடிச்சுக்கிட்டு உக்காருறத என்னால பாக்க முடியல. அதான்... என்னோடதுல மூணுக்குப் பொலித்தீன வேணும்னே தொளதொளன்னு கட்டினேன். தண்ணி எறங்கி அழுகட்டும்னு.

நிரோஷா: தெரியும். மறுநாளே பாத்துட்டேன். நீங்க விட்டுக்குடுத்து நான் ஜெயிக்க வேணாம்னு அந்த மூணையும் இறுக்கிக் கட்டிட்டேன். அதெல்லாம் பச்சயாத்தான் இருக்கு. செத்துப்போன மூணும் நீங்க ஒழுங்கா கட்டினது.