ஐந்து மணிக்குக் கிடைத்திருக்கும்

அந்த சாக்ஸ் என்னுடையதுதான், தம்பி. அதன் ஜோடி அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்து வந்து காட்டுகிறேன். கம்ப்யூட்டருக்குள், ஃபேனுக்குப் பின்னால் அது எப்படிப் போனது என்று கேட்கிறீர்கள். நான்தான் வைத்தேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். என் மனைவி மகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவர இன்னும் அரை மணி நேரம் ஆகும். உங்களை அனுப்பிய என் மச்சினன் அதற்கும் பிறகுதான் வருவான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த குடோனை மூடிவிட்டார்கள். அதே மாதம் என் மனைவி இந்த அறையில் கல்யாண வீடியோ எடிட் செய்ய ஆரம்பித்தாள். நன்றாகவே முன்னுக்கு வந்தாள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹெட்போனை மாட்டிவிட்டால் வீட்டில் நான் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒருநாள் டீ கொண்டுபோய் வைத்தேன். திரையைப் பார்த்தபடியே “தேங்க்ஸ் சார்” என்றாள். பதினாறு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கு, சார்.

பிறகு ஒருநாள் கம்ப்யூட்டர் தானாக நின்றது. “ஏங்க, கொஞ்சம் வாங்களேன்” என்று கூப்பிட்டாள். ரேமைக் கழற்றி, மகளின் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். ஓடியது. “நீங்க இல்லேன்னா இன்னைக்கு நான் அவ்வளவுதான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க எனக்கு நன்றாகப் பசித்தது.

அதன்பிறகு அது தானாக நிற்கவே இல்லை. நல்ல கம்ப்யூட்டர். ஆகவே நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ரேமைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பேன். ஹார்ட் டிஸ்க் கேபிளை மெதுவான போர்ட்டில் மாற்றிச் சொருகுவேன், வீடியோ நொண்டியடிக்கும். ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் போதும், திரையில் வீடியோ இருந்த இடமெல்லாம் சிவப்பாகிவிடும், அவள் என்னைத் தேடி ஓடி வருவாள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஐந்து நிமிட வேலைக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வேன். சீக்கிரம் முடித்தால் மதிப்பிருக்காது. சாக்ஸ் எதற்கென்றால், வெட்டி ஒட்டியதையெல்லாம் மெஷின் ஒரே வீடியோவாக்கும் அந்த ரெண்டர் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டும்போது சூடேறி நிற்பதற்காக.

“எனக்கு மட்டும் ஏங்க இப்படி ஆகுது?” என்று ஒருநாள் கேட்டாள். ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும். சிலர் உடம்பில் கரண்ட் அதிகம், அது மெஷினுக்கு ஆகாது என்றேன். அன்றிலிருந்து வளையலைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறாள்; வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொள்வாள். பிறகு ரப்பர் செருப்பு. பிறகு கையுறை. போன மாதம் மகள், “அம்மா, நீ தொடாதே” என்று தன் கால்குலேட்டரை நகர்த்தி வைத்தாள். அது கொஞ்சம் அதிகம்தான். மகளைக் கண்டித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு ஒரு முழுநீளப் படம் கிடைத்தது. முதல் படம். நாற்பது நாள் உட்கார்ந்தாள். இன்று மாலை ஆறு மணிக்குள் டைரக்டருக்கு அனுப்பியாக வேண்டும். நேற்று மதியம் அவள் செய்த வேலை மொத்தமும், பேக்கப்போடு, காணாமல் போனது. எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எங்கே வெட்டினாள், எங்கே ஒட்டினாள் என்ற ஃபைல்தான் இல்லை.

நான் அழிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். நாற்பது நாள் உழைப்பு, ஃபைலாகப் பார்த்தால் ஒரு பாட்டின் அளவுகூட இல்லை, தம்பி. பென்டிரைவில் போட்டு என் ஷேவிங் டப்பாவில் வைத்திருக்கிறேன். இன்று ஐந்து மணிக்கு மீட்டுக் கொடுப்பதாக இருந்தேன். சாக்ஸையும் எடுத்துவிட்டால் ரெண்டருக்கு ஐம்பது நிமிடம். எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

காலையில் அவள் டைரக்டருக்குப் போன் செய்தாள். “சார், என் கை ராசியில்லாத கை. வேற எடிட்டரைப் பார்த்துக்குங்க” என்றாள். ஆறு மணி வரைக்கும் பார்க்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. பக்கத்தில்தான் நின்றேன். அப்போதே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். ஐந்து மணி என்று முடிவு செய்திருந்தேனே. ஒரு மணி நேரம் என் தோளில் சாய்ந்து அழுதாள், ஹெட்போன் இல்லாமல். அப்படியொரு காலை எங்களுக்கு வாய்த்து எத்தனை வருடமாயிற்று. மச்சினன் மட்டும் அவசரப்பட்டு உங்களை அனுப்பாமல் இருந்திருந்தால், எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும்.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள். மணி மூன்றரைதான் ஆகிறது; பரவாயில்லை, விட்டுக்கொடுக்கிறேன். நான் போய் டப்பாவை எடுத்து வருகிறேன், நீங்கள் கம்ப்யூட்டர் மூடியை மாட்டிவிடுங்கள். ஃபைலைக் கண்டுபிடித்தது நான் என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்கு அதுதான் சந்தோஷமாக இருக்கும்.

அப்புறம், கம்ப்யூட்டர் பக்கத்தில் வருவதற்கு முன்னால் வளையலைக் கழற்றச் சொல்லுங்கள். மெஷினுக்கு ஆகாது.