ஜெனரல் பேசி முடிப்பதற்குள்

சாம்பல் கவசம்: …அதான் சொல்றேன், கதவு வழியாவே வந்திருக்கலாம்.

பச்சைக் கவசம்: கதவுக்கு அந்தப் பக்கம் காவலாளி நிக்கிறான்டா.

சாம்பல் கவசம்: நின்னா என்ன? ஜெனரல் டிவியில பேசறார். பேசி முடிக்கிற வரைக்கும் அவன் அசையக்கூடாது. மூக்கைச் சொறிஞ்சாக்கூட அவனையும் உள்ள தள்ளிடுவாங்க.

பச்சைக் கவசம்: அந்த தைரியத்துலதான் சுவத்தை இடிச்சேன். போதும், தூசி அடங்குது. நமக்குள்ள பேசறது எல்லாம் ரேடியோல. அவங்ககிட்ட பேசும்போது மட்டும் ஸ்பீக்கர். குரல் மாத்தற பொத்தானை அமுக்கிட்டுப் பேசு.

சாம்பல் கவசம்: தெரியும்க்கா.

பச்சைக் கவசம்: தெரியும்னுதான் போன தடவையும் சொன்னே. பாலத்துல லாரியை மறிச்சிட்டு, டிரைவர்கிட்ட உன் சொந்தக் குரல்ல "சாரிண்ணே"ன்னு…

கைதி: யாரு? யாரது அங்க?

பச்சைக் கவசம்: பயப்படாதீங்க மேடம். உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்.

கைதி: இரும்புச் சட்டைக்காரங்களா? பேப்பர்ல போட்டாங்களே, அந்த ரெண்டு பேரா?

சாம்பல் கவசம்: அவங்களேதான். கிளம்புங்க மேடம். ஜெனரல் இப்பதான் விவசாயத்துக்கு வந்திருக்கார். அடுத்தது ராணுவம், அதுக்கப்புறம் எதிரிகள், அவ்வளவுதான் உரை.

கைதி: எனக்கே சொல்றியா? பதினெட்டு வருஷம் ரேடியோல செய்தி வாசிச்சவ நான். வருஷா வருஷம் அந்த உரையைச் சுருக்கி வாசிச்சதே நான்தான். விவசாயத்துல இன்னும் ரொம்ப நேரம் உழுவார். உக்காருங்க.

சாம்பல் கவசம்: உக்காரவா?

கைதி: கட்டில் தாங்காது. தரையில உக்காருங்க. இப்படி, என் பக்கத்துல வந்து.

பச்சைக் கவசம்: மேடம், நேரம் இல்ல. அடுத்த வாரம் உங்களைத் தீவுச் சிறைக்கு மாத்தறாங்க. அங்க போனவங்க யாரும் திரும்பினதில்ல.

கைதி: அதுக்காக, முன்பின் தெரியாதவங்க கூப்பிட்டா பின்னாடியே வந்துடணுமா? யாரு என்னன்னு விசாரிக்க வேணாமா? உங்க பேச்சைக் கேட்டா இந்த ஊர் மாதிரித் தெரியலையே. எல்லைக்கு அந்தப் பக்கமா?

சாம்பல் கவசம்: இல்ல மேடம், நாங்க இங்கயேதான். மார்க்கெட்டுக்குப் பின்னா…

கைதி: எல்லைக்கு அந்தப் பக்கம்தான்! வாயைத் திறந்தாலே தெரியுது. மறைக்காதே!

பச்சைக் கவசம்: ரேடியோக்கு வாடா. அப்படியே கதவு நம்பரையும் சொல்லிடேன்.

சாம்பல் கவசம்: வாய் தவறி வந்துடுச்சுக்கா… அக்கா, எப்படி இளைச்சிருக்கா பாரு. கழுத்தெலும்பு தெரியுது.

பச்சைக் கவசம்: அதையெல்லாம் பாக்காதே.

சாம்பல் கவசம்: நீ மட்டும் பாக்கறே.

பச்சைக் கவசம்: எனக்கு எங்கடா தெரியுது… கண்ணாடி உள்பக்கமெல்லாம் ஈரம். இரு, நான் பேசறேன்… மேடம், செய்திக்கு நடுவுல காணாமப் போனவங்க பேரையெல்லாம் வாசிச்சதுக்குத்தானே உங்களை இங்க அடைச்சாங்க? வெளியில உங்களுக்காக எத்தனையோ பேர் காத்திருக்காங்க. உங்க பிள்ளைங்க இருக்காங்க. அவங்களை நினைச்சாவது…

கைதி: பிள்ளைங்களா? நல்ல பிள்ளைங்க! ரெண்டும் என்னைத் தலைமுழுகி எத்தனையோ நாளாச்சு.

சாம்பல் கவசம்: அப்படியெல்லாம் இல்ல மேடம்!

கைதி: உனக்கென்னப்பா தெரியும்? பொண்ணு தையல் மெஷினே கதின்னு கிடப்பா. ஒரு பல்லியைப் பாத்தா தெருவையே கூட்டிடுவா. பையன் அதுக்கு மேல. வாயில்லாப் பூச்சி. பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறினா தலை சுத்துதுன்னு இறங்கிடுவான். ரெண்டு பேருக்கும் ஜெனரல்னா உயிர். முன்ரூம்ல அவர் படத்தை இம்மாம் பெருசா மாட்டியிருக்காங்க. காலையில அதுக்கு ஒரு சல்யூட் வச்சாத்தான் அதுங்களுக்குப் பொழுதே விடியும்.

பச்சைக் கவசம்: ரேடியோ.

சாம்பல் கவசம்: வந்துட்டேன். அக்கா… ஜெனரல் படமா? நம்ம வீட்லயா?

பச்சைக் கவசம்: முன்ரூம்ல ஒரு காலண்டர் இருக்கு. அதுவும் போன வருஷத்தது.

சாம்பல் கவசம்: நம்ம வீட்ல பல்பு மாத்தறதே நான்தான். அம்மா ஸ்டூலைப் பிடிச்சிட்டு நிப்பா. "விழுந்துடாதடா, விழுந்துடாதடா"ன்னு அவளுக்குத்தான் நடுங்கும். அதைப் போய் மறப்பாளா? தனியா அடைச்சு வச்சா புத்தி கலங்கிடும்னு சொன்னாங்களேக்கா. அம்மாவை என்னமோ பண்ணிட்டாங்க.

பச்சைக் கவசம்: அப்படிச் சொல்லாதே.

சாம்பல் கவசம்: வேற யாரோட பிள்ளைங்களையோ சொல்ற மாதிரி சொல்றா…

பச்சைக் கவசம்: சொல்லட்டும். நம்மளை அடையாளமே தெரியலைன்னாலும் தூக்கிட்டுத்தான் போகப்போறோம். சோறு ஊட்டி, தலை வாரி, நாம யாருன்னு தினம் தினம் சொல்லிக்குடுப்போம். நமக்கு அவ சொல்லிக்குடுக்கலையா? அழாதேடா.

சாம்பல் கவசம்: நான் எங்க அழறேன்… மாத்திரை போட்டியா?

கைதி: என்னது?

பச்சைக் கவசம்: ஸ்பீக்கர்! டேய், ஸ்பீக்கர்ல பேசறே!

சாம்பல் கவசம்: அது… மேடம்… தைராய்டு மாத்திரை… காலையில வெறும் வயித்துல…

கைதி: ஓகோ! ஆஸ்பத்திரி ஃபைலையெல்லாம் திருடிப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க. பலே ஆளுங்கதான். போடறேன், போடறேன். ஒரு நாள்கூட விடலை. போதுமா?

சாம்பல் கவசம்: ம்… போதும்.

பச்சைக் கவசம்: மேடம், ஜெனரல் ராணுவத்துக்கு வந்துட்டார். கையெடுத்துக் கும்பிடறேன்.

கைதி: பிள்ளைங்க பாக்க வந்தப்போ கடைசியா என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களைப் பெத்ததுக்கு ரெண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கலாம், உக்காரவாவது ஆகியிருக்கும். இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க"ன்னு எல்லாருக்கும் கேக்கறமாதிரி கத்தி விரட்டினேன். அதோட சரி.

சாம்பல் கவசம்: ரேடியோல இருக்கியாக்கா?

பச்சைக் கவசம்: இருக்கேன்.

சாம்பல் கவசம்: அது மட்டும் நிஜம். அது மட்டும் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்கு.

பச்சைக் கவசம்: …கேட்டேன்.

கைதி: அதனால நான் எங்கயும் வர்றதா இல்ல. நீங்க பலவந்தமாத் தூக்கிட்டுப் போனா அது வேற விஷயம். வயசானவ நான் என்ன பண்ண முடியும்?

சாம்பல் கவசம்: சேச்சே, பலவந்தமெல்லாம் கிடையாது மேடம். நீங்க சம்மதிச்சாத்தான்.

கைதி: சம்மதிக்கவே மாட்டேன்பா. பலவந்தமாத் தூக்கினாத்தான் உண்டு.

சாம்பல் கவசம்: இல்ல மேடம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கறது எங்க கொள்கை…

கைதி: தம்பி! பலவந்தமாத் தூக்கினாத்தான் உண்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன்ல!

பச்சைக் கவசம்: தூக்குடா.

கைதி: ஐயோ! காப்பாத்துங்க! யாராவது வாங்களேன்!… இடுப்பைப் பிடிக்காதே, கூசுது. முழங்காலுக்குக் கீழ கை குடு. ஆங், அப்படி… ஐயையோ! வெளிநாட்டுக்காரங்க தூக்கிட்டுப் போறாங்களே!

சாம்பல் கவசம்: காவலாளி பாக்கறான்க்கா. கண்ணை மட்டும் உருட்டறான். பாவம்.

பச்சைக் கவசம்: கிளம்பு, கிளம்பு… மேடம், கண்ணை மூடிக்கங்க. பறக்கும்போது காத்து பலமா அடிக்கும்.

கைதி: மதிலைத் தாண்டியாச்சா?

சாம்பல் கவசம்: தாண்டி ஆத்துக்கே வந்துட்டோம் மேடம்.

கைதி: சுத்துப்பக்கம் யாரும் இல்லையே?

பச்சைக் கவசம்: ரெண்டு கொக்கு இருக்கு.

கைதி: இந்த இரும்புக்குள்ள நாம பேசறது ஏதாவது பதிவாகுமா?

பச்சைக் கவசம்: ஆகாது மேடம்.

கைதி: அப்போ தலையில கவுத்திருக்கற அந்தப் பானையைக் கழட்டுங்க, ரெண்டு பேரும். அழுதழுது மூச்சு முட்டிடப்போகுது.

சாம்பல் கவசம்: மேடம்?

கைதி: மேடமாம், மேடம்! உதை வேணுமாடா உனக்கு?

தம்பி: …அம்மா?

அம்மா: அப்பாடா. இந்த மூஞ்சியைப் பாக்கத்தான் இத்தனை பாடு. நல்லாச் சாப்பிடறியா நீ?

அக்கா: அம்மா, நாங்கதான்னு உனக்கு எப்போ…

அம்மா: சுவத்து ஓட்டையில வந்து நின்னு "பயப்படாதீங்க"ன்னு சொன்னியே, அப்பவே. குரலைத்தான்டி மாத்தியிருக்கீங்க, மூச்சை எப்படி மாத்துவீங்க? மைக் முன்னாடியே காலம் தள்ளினவ நான். யாரு எந்த இடத்துல மூச்சு இழுப்பாங்கன்னு தெரியாதா?

தம்பி: அப்போ உனக்குப் புத்தி… ஒண்ணும் ஆகலையா?

அம்மா: எனக்கென்னடா? உனக்குத்தான் ஏதாவது ஆகியிருக்கணும். மாத்திரை போட்டியான்னு கேக்கறான்! கட்டில் கால்லயே மைக் வச்சிருக்காங்க. ஒட்டுக்கேக்கறவனும் இப்போ விறைச்சுக்கிட்டு நிப்பான், ஆனா டேப் ஓடிக்கிட்டே இருக்கும். நான் காணாமப் போனா முதல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க?

அக்கா: நம்ம வீட்டுக் கதவை.

அம்மா: அதுக்கு முன்னாடி டேப்பைப் போட்டுக் கேப்பாங்கல்ல? பொண்ணு பல்லிக்குப் பயந்தவ. பையன் ஸ்டூல்கூட ஏறமாட்டான். ரெண்டும் ஜெனரல் பக்தர்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து கிழவியைக் கதறக் கதறத் தூக்கிட்டுப் போனாங்க. இதைத்தான் நான் பதியவேண்டியிருந்துச்சு. சுருக்கமா முடிச்சிருப்பேன். இவன் கொள்கை கொள்கைன்னு உயிரை வாங்கிட்டான்.

தம்பி: நீ ஒரு கண்ணாவது அடிச்சிருக்கலாம்ல!

அம்மா: அடிச்சேனே. ரெண்டு பேரும் உள்ள அழுதுக்கிட்டு இருந்தீங்க. சரி, அக்கரையில என்னை இறக்கிவிடுங்க. இறக்கின கையோட வீட்டுக்குப் பறந்துடுங்க. எதிரிகளைத் திட்டி முடிக்கறதுக்குள்ள ஜெனரல் படம் ஒண்ணு முன்ரூம்ல தொங்கணும்.

தம்பி: உன்னைத் தனியா விட்டுட்டா? இப்பதானே…

அம்மா: விட்டுட்டுத்தான்டா. நீங்க ரெண்டு பேரும் கூண்டுக்கு வெளியில இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வெளியில வந்த மாதிரியே இருக்கும். எல்லாம் அடங்கினதும் வாங்க.

அக்கா: அம்மா… ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு எங்களை அப்படி விரட்டினியே. அதுவும் மைக்குக்குத்தானா?

தம்பி: சொல்லும்மா. அக்கா அன்னிலேர்ந்து சரியாத் தூங்கறதே இல்ல.

அம்மா: பக்கத்துல வார்டர் நின்னாடி. ஏதோ பண்ணப்போறீங்கன்னு உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. அவ கண்ணு உங்க மேல விழக்கூடாதுன்னுதான் கத்தினேன். நீங்க அழுதுக்கிட்டே போனதும், நீங்க உக்காந்திருந்த பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டேன். உங்க சூடு இருந்துச்சு. எழுந்திரி எழுந்திரின்னு அவ எவ்வளவோ இழுத்தா… அது ஆறுற வரைக்கும் நான் எழுந்திரிக்கவே இல்லடி.